கூட்டுக்குள் வைத்த பேரீச்சம்பழம்

போன வெள்ளிக்கிழமை ஜும்ஆ முடிந்து வந்து, வீட்டுக்குப் பின்னால் முருங்கை மரத்தடியில் ஓர் எலியைப் புதைத்தேன்.

பொறி வைத்துப் பிடிக்கிற எலி அல்ல. வளர்த்த எலி. என் தையல் கடையில் மிஞ்சிய பள்ளிக்கூட வெள்ளைத் துணியில் சுற்றி, ஒரு முழத்துக்குக் குழி வெட்டி, மண்ணைத் தள்ளிக்கொண்டிருந்தேன். வேலிக்கு மேலால் பக்கத்து வீட்டுக் கபூர் நானாவின் தலை தெரிந்தது.

"என்ன தம்பி, எலிக்குக் கபுறா? மண்ணப் போட்டுட்டுத் தல்கீனும் ஓதப்போறியோ?"

வேறு நாளென்றால் நானும் ஏதாவது சொல்லிச் சிரித்திருப்பேன். அன்று மண்ணைத்தான் தள்ளினேன். குசினி யன்னலுக்குள் என் மனைவி ரஹீமா பார்த்துக்கொண்டு நின்றாள்... இல்லை, பார்த்துக்கொண்டு என்று எழுதுவது பிழை. கேட்டுக்கொண்டு நின்றாள்.

ரஹீமாவுக்குச் சீனி வருத்தம் – நீரிழிவு. ஒன்பது வருடமாக. இந்தப் பக்கத்தை விடாமல் வாசிக்கிறவர்களுக்கு அவளைத் தெரியும் – பஸ் ஸ்டாண்டுப் பக்கத்துக் கடையில் நான் வெட்டித் தைக்கிற சட்டைகளுக்கு வீட்டிலிருந்து பொத்தான் தைத்துத் தருகிறவள். இரண்டு வருடத்துக்கு முன்னர் ஊசியில் நூல் கோர்க்க என்னைக் கூப்பிடத் தொடங்கினாள். பிறகு பொத்தான்கள் ஒரு விரல் தள்ளித் தைபட்டன. ஒரு வாத்தியார் நெஞ்சு கோணிய சட்டையோடு வகுப்பெடுத்துவிட்டு வந்து, கோபப்படாமல், "வீட்டில ஆருக்கும் சுகமில்லையா?" என்று கேட்டார். அதற்குப் பிறகுதான் சிலாபத்துக்குக் கண் டொக்டரிடம் போனோம்.

இடது கண் உள்ளே இரத்தம் கசிந்து கெட்டுப்போயிருந்தது. அதற்கு இனி வழியில்லை. வலது கண்ணில் வெண்படலம். அதை ஒபரேஷன் செய்து எடுக்கலாம் – சீனி இறங்கினால். இறங்காமல் கை வைக்க மாட்டோம் என்றார் டொக்டர். மூன்று மாதத்துச் சீனியையும் சேர்த்துக் காட்டுகிற இரத்தப் பரிசோதனை ஒன்று இருக்கிறதாம். அது சரியாக வந்தால்தான் திகதி.

மாதாந்தக் கிளினிக்கை ஏமாற்றலாம். அதற்கு முந்திய இரண்டு நாள் சோற்றைக் குறைத்து, பாகற்காயைச் சாப்பிட்டு, நல்ல பிள்ளை மாதிரிப் போய் நிற்கலாம். எத்தனை பேர் செய்கிறோம்? கையைத் தூக்கச் சொன்னால் பாதி ஊர் தூக்கும். ஆனால் இந்தப் பரிசோதனை ஏமாறாது.

இப்படி இருக்கும்போதுதான் அந்த இரண்டும் வந்தன.

என் ராத்தாவின் மகன் நஸீர் கொழும்பில் மீன் தொட்டியும் குருவியும் விற்கிற கடையில் வேலை செய்கிறான். யாரோ வெளிநாடு போகும்போது கூட்டோடு விட்டுப்போன சோடியாம். நோன்பு மாதத்துக்கு முன்னால் வருகிற பராத்துக்கு ஒரு கிழமைக்கு முன்னர் மடியில் வைத்துக்கொண்டு பஸ்ஸில் வந்தான். பெயர் டெகு. தென்னமெரிக்காவில் சிலி என்ற நாட்டு மலையெலி. அணிலைவிடச் சற்றுப் பெரிது, மண் நிறம், வால் நுனியில் தூரிகை மாதிரிக் கொஞ்சம் மயிர். இரண்டும் பெண்.

"மாமி பகல் முழுக்கத் தனியத்தானே. இதுகள் கதைச்சிக்கொண்டே இருக்கும். கண் தெரியாட்டியும் சத்தம் கேக்கும்தானே" என்றான் நஸீர்.

உண்மைதான். விடிந்தால் தொடங்கும். கீச் கீச் என்று ஒன்று சொல்ல, மற்றது பதில் சொல்லும். மகள்மார் கல்யாணம் முடித்துப் போன வீட்டில் மறுபடியும் இரண்டு பெண்களின் கதை. ரஹீமா அவற்றுக்கு மூத்தவள், இளையவள் என்று பெயர் வைத்தாள். அவற்றின் பல் செம்மஞ்சள் நிறம் – சுகமாக இருந்தால் அப்படித்தான் இருக்குமாம். வெற்றிலை போடுகிற பெண்கள் என்றாள். தண்ணீரில் குளிக்காது, ஒரு தட்டில் மண் வைத்தால் அதில் புரண்டு குளிக்கும் என்று நஸீர் சொன்னபோது, "தயம்மும் செய்றாங்க" என்றாள் – தண்ணீர் இல்லாதபோது தொழுகைக்கு முன் மண்ணால் செய்கிற சுத்தம். கற்பிட்டிப் பக்கத்து வெள்ளை மணலை உப்புப் போக மூன்று தண்ணீரில் அலசி, காயவைத்து, அரித்து வைத்தோம். வண்ணாத்திவில்லிலிருந்து வருகிற வாடிக்கையாளர் ஒருவர் காய்ந்த புல் கட்டிக்கொண்டு வந்து தந்தார்.

போகிறபோது நஸீர் சட்டம் சொன்னான். வாலில் பிடிக்கக்கூடாது, தோல் கழன்று கையோடு வரும். ஒன்றைத் தனியே வைக்கக்கூடாது, ஏங்கிப்போகும். வெயில் படக்கூடாது.

"கடைசியா ஒண்டு மாமா. இனிப்புக் கூடாது. பழங்கூடக் கூடாது. இதுகள்ட உடம்பு சீனியத் தாங்காது. கண்தான் முதல்ல போகும்."

ரஹீமா சிரித்தாள். "அப்ப நம்மட இனந்தான்."

எல்லாம் கேட்டோம். எல்லாம் விளங்கியது. பிறகு என்ன நடந்தது?

இங்கே ஒன்று சொல்ல வேண்டும். தொண்ணூறாம் ஆண்டு மன்னாரிலிருந்து முஸ்லிம்களான எங்கள் எல்லாரையும் வெளியேறச் சொன்னபோது ரஹீமா கோழிக்கூட்டைத் திறந்துவிட மறந்தாள். கைப்பிள்ளை, ஒரு பை, அந்த அவசரம். ஏழு கோழிகள். கற்பிட்டிக் கரையில் வந்து இறங்கிய பிறகுதான் ஞாபகம் வந்து தலையில் கையை வைத்தாள். யுத்தம் முடிந்து காணியைப் பார்க்கப் போனோம். வீடு இருந்த இடத்தில் பற்றைக் காடு. அதற்குள்ளும் அவள் கூடு இருந்த மூலையைத் தேடிப் போய் நின்றாள். அடைத்து வைத்த உயிரைப் பட்டினி போட்டவர்களுக்கு நாளை மறுமையில் கேள்வி உண்டு என்று சின்ன வயதிலிருந்தே கேட்டு வளர்ந்தவர்கள் நாங்கள். டெகுவை வளர்க்கலாமா என்று பள்ளிவாசல் மௌலவியிடம் கேட்டபோதும் அவர் அதைத்தான் சொன்னார். வளருங்கள், பசிக்க விடாதீர்கள்.

றமழான் வந்தது.

ரஹீமாவை நோன்பு பிடிக்க வேண்டாம் என்று டொக்டர் சொல்லியிருந்தார். "முப்பதையும் விட்டுப்போட்டு எந்த முகத்தோட பெருநாள் எடுக்கிற?" என்று கேட்டாள். நான் தடுக்கவில்லை. தடுத்திருக்க வேண்டும். பகல் முழுக்கப் பசித்தவளுக்கு மாலையில் என் கையாலேயே பேரீச்சம்பழம் எடுத்துக் கொடுத்தேன். இன்னொன்று எடு, ஒன்றும் செய்யாது என்று சொன்னேன். இருபத்தேழாம் நோன்பு இரவுக்கு இனிப்பு வட்டிலப்பமும் வாங்கி வந்தேன். அன்பென்றுதான் நினைத்தேன்.

நாங்கள் நோன்பு திறக்கப் பாய் விரிக்கிற இடத்துக்கு நேரே கூடு. கஞ்சிக் கோப்பையும் பேரீச்சம்பழத் தட்டும் வந்தவுடன் இரண்டும் கம்பிக்கு வந்து பின்னங்காலில் எழுந்து நிற்கும். முன்கை இரண்டையும் நெஞ்சுக்கு நேரே சேர்த்துப் பிடித்துக்கொண்டு... துஆக் கேட்கிற மாதிரி. வெளியே பாங்கு சொல்கிறது. கையில் பழம். எதிரில் இரண்டு உயிர் கையேந்தி நிற்கிறது. நீங்களாக இருந்தால் வாயில் வைப்பீர்களா?

ரஹீமா தேநீர் எடுக்கக் குசினிக்குப் போன நேரம் ஒரு துண்டு வைத்தேன். நகத்தளவு. அடுத்த நாளும் வைத்தேன். பிறகு நாள் தவறவில்லை. றமழான் முடிந்து ஆறு நோன்பு. அது முடிந்து திங்கள், வியாழன் நோன்பு. என் மனதில் அது சதக்கா – தர்மம்.

ஹஜ்ஜுப் பெருநாள் நெருங்கும்போது தண்ணீர்ப் போத்தல் அரை நாளில் காலியாகத் தொடங்கியது. கூட்டில் போட்ட புல் எந்நேரமும் ஈரம். முதலில் பிடித்தது ரஹீமாதான்.

"இஞ்ச, மூத்தவள் என்னப் போலயே தண்ணி குடிக்கிறாள்."

நான் அதற்கு முதலே வேறொன்றைப் பார்த்திருந்தேன். காலை வெளிச்சத்தில் மூத்தவளின் கண்ணுக்குள் பால் ஒரு துளி விட்ட மாதிரி. இளையவளுக்கும் தொடங்கியிருந்தது. ரஹீமாவுக்கு அது தெரியாதே – நான்கு நாள் மறைத்தேன். ஐந்தாம் நாள் மூத்தவள் நேராகப் போய்ச் சுவரில் மோதினாள். அந்தச் சத்தத்தை மறைக்க முடியவில்லை.

மிருக வைத்தியரிடம் கொண்டுபோனோம். வெளியில் இரண்டு ஆடும் ஒரு கன்றும் எங்களுக்கு முன்னால். டொக்டர் இளம் சிங்களப் பெண். இப்படி ஒரு மிருகத்தைக் கண்டதே இல்லை என்று மறைக்காமல் சொன்னார். போனில் தேடி, நின்றபடியே வாசித்தார். பிறகு எங்களைப் பார்த்து, இனிப்பு ஏதாவது கொடுத்தீர்களா என்று கேட்டார்.

இல்லை என்றேன்.

ரஹீமாவும் இல்லை என்றாள்.

ஐந்து நேரம் தொழுகிற வாய் அது. எவ்வளவு லேசாக வந்தது!

இரத்தத்தில் சீனி பார்க்க வேண்டும், சின்ன மெஷின் எதுவும் இங்கே இல்லையே என்று டொக்டர் யோசித்தார். ரஹீமா கைப்பையைத் தடவித் திறந்து தன்னுடைய மெஷினை மேசையில் வைத்தாள். காதோரம் குத்தி ஒரு துளி எடுத்தார்கள். எண் வந்தது. டொக்டருக்கு நம்பிக்கையில்லை. மெஷின் சரியா என்று பார்க்கப் பொத்தானை அமர்த்தி முந்திய எண்ணை எடுத்தார். இரண்டுக்கும் பெரிய வித்தியாசம் இல்லை.

"இது மற்ற மிருகத்தினுடையதா?" என்று சிங்களத்தில் கேட்டார்.

அது அன்று காலை ரஹீமாவின் விரலில் எடுத்தது.

எனக்குச் சிங்களம் நன்றாகவே வரும். ஆனாலும் மெஷினையே பார்த்துக்கொண்டு நின்றேன். ரஹீமாதான் சொன்னாள், மெதுவாக, சிங்களத்தில். அது நான், டொக்டர்.

அந்த டொக்டர்ப் பிள்ளை தலையைக் குனிந்துகொண்டு மெஷினைத் துடைத்துத் திருப்பித் தந்தது. பார்வை திரும்பாது, புல்லைத் தவிர ஒன்றும் கொடுக்காதீர்கள், இருந்தால் இருக்கும் என்றது. காசு வாங்கவில்லை.

த்ரீவீலரில் கூட்டை மடியில் வைத்துக்கொண்டு வந்தோம். வீட்டுக்குள் வந்து கதிரையில் இருந்த பிறகு ரஹீமா வாய் திறந்தாள்.

"நான் பொய் சொல்லிட்டு வந்திருக்கன். நீங்க மஃரிபுக்குப் பள்ளிக்குப் போனாப் பொறகு, ஒவ்வொரு நாளும் ஈத்தம்பழம் குடுத்தன். அதுகள் பாத்துக்கொண்டு நிக்கிறது தெரியும். மனம் கேக்கல்ல."

"நீ தேத்தண்ணி எடுக்கப் போன நேரம் நானும் குடுத்தன்."

இன்னொரு காலத்தில் இது சிரிக்கிற கதை. நாங்கள் சிரிக்கவில்லை.

"உண்மையச் சொல்லுங்க. அதுட கண் என்ன மாதிரி இருக்கு?"

"வெள்ளையா."

"என்ட?"

இரண்டு வருடமாக இந்தக் கேள்விக்கு நான் வைத்திருந்த பதில் – ஒண்டுமில்ல, லேசாத்தான். அன்றைக்கு ஏற்கனவே ஒரு பொய் சொல்லியாகிவிட்டது. இரண்டாவதுக்குப் பயமாக இருந்தது.

"அதே மாதிரித்தான்" என்றேன்.

அவள் அழவில்லை. தலையை ஆட்டினாள். ஏற்கனவே தெரிந்த ஒன்றை வேறொருவர் வாயால் கேட்டவள் மாதிரி.

நான் எட்டாம் வகுப்போடு நின்றவன். மார்க்கமும் பள்ளியில் பெரியவர்கள் சொல்லக் கேட்டதுதான். பட்டினி போட்டதற்குக் கேள்வி உண்டு என்பதைச் சரியாகப் பிடித்துக்கொண்டேன். கொடுத்ததற்கும் கேள்வி இருக்கும் என்று ஒருநாளும் யோசிக்கவில்லை. அந்தப் பழத்தை நான் அவற்றின் பசிக்குத்தானா கொடுத்தேன்? அவற்றுக்கு வயிறு நிறையப் புல் இருந்ததே. பார்த்துக்கொண்டிருக்க எனக்குக் கஷ்டமாக இருந்தது, அதனால் கொடுத்தேன். ரஹீமாவின் தட்டில் வைத்ததும் அப்படித்தான். அவள் முகம் மலர்வதைப் பார்க்க எனக்கு ஆசை. அந்த ஆசைக்குச் செலவானது அவளுடைய கண்.

அதன் பிறகு புல்லைத் தவிர எதுவும் கொடுக்கவில்லை. மூத்தவள் ஒன்பது நாள் இருந்தாள். வெள்ளிக்கிழமை காலையில் இளையவள் மட்டும் கத்துகிற சத்தம் கேட்டு ரஹீமா என்னை எழுப்பினாள். ஒன்று சொன்னால் மற்றது பதில் சொல்லுகிற அந்தக் கதையில் பதில் வரவில்லை என்பதை அவள்தான் முதலில் விளங்கிக்கொண்டாள்.

புதைத்துவிட்டுக் கை கழுவி வந்தேன். அலுமாரியில் பேரீச்சம்பழப் பெட்டி அரைவாசி மிச்சம். பள்ளிக்குக் கொடுத்துவிடவா என்று கேட்டேன்.

"அங்க மட்டும் ஆரு இருக்காங்க? எல்லாரும் நம்மட இனந்தான்" என்றாள் ரஹீமா.

பெட்டி இன்னும் அலுமாரியில்தான் இருக்கிறது. சிலாபத்துக்கு அடுத்த மாதம் போக வேண்டும். அந்தப் பரிசோதனையில் நான் கொடுத்ததெல்லாம் வரும். திகதி கிடைக்குமா, கிடைக்காதா... அல்லாஹ் அறிந்தவன். உங்கள் துஆவில் அவளைச் சேர்த்துக்கொள்ளுங்கள்.

இந்தத் திங்கள் நோன்பைத் தண்ணீரில் திறந்தேன். ரஹீமா நோன்பில்லை, எதிரில் இருந்தாள். பாங்கு சொன்னதும் இளையவள் தட்டுத் தடுமாறிக் கம்பிக்கு வந்து, எழுந்து நின்று, வெள்ளைக் கண்ணோடு கையேந்தினாள். நாங்கள் இருவரும் எங்கள் கைகளை மடியிலேயே வைத்துக்கொண்டிருந்தோம்.

கொடுக்காமல் இருக்க இவ்வளவு பலம் வேண்டுமா!