ஓக் ட்ரீ ரோட்டுக் கப்பல்காரி

வாயில் குண்டூசிகளைக் கவ்வியபடியே அமீருன்னிசா என்னிடம் பேசுவார். "கையத் தூக்கு சாரதா. இன்னும் மேல. எம்மெட்டுக்குக்கூட நான் இவ்ளோ கஷ்டப்படல." எம்மெட் அவருடைய வாடிக்கையாளர் அல்ல. ஏறக்குறைய இருநூறு ஆண்டுகளுக்கு முன் ஆங்கிலேயரை எதிர்த்துக் கிளம்பித் தூக்கில் தொங்கிய அயர்லாந்துக்காரர். ரவிக்கை தைக்கக் கொடுக்கப் போகிறவள் அயர்லாந்து வரலாற்றோடு திரும்பி வருவாள். ரவிக்கை மட்டும் அடுத்த வாரம்தான் வரும்.

அமெரிக்காவின் ஐசலினில், ஓக் ட்ரீ ரோட்டில், இரண்டு நகைக்கடைகளுக்கு நடுவே நசுங்கிக் கிடக்கிறது அவருடைய தையல் கடை. பக்கத்து ஊரில் ஒவ்வொரு மார்ச்சிலும் அயர்லாந்துக்காரர்களின் செயின்ட் பாட்ரிக் ஊர்வலம் நடக்கும். அயர்லாந்தின் கலகக்காரர்கள் போல வேடமிட்டவர்கள் வண்டிகளில் நின்று வருவார்கள். அந்த உடுப்புகளை மலிவாகத் தைக்க ஆள் தேடி, விழாக்குழுத் தலைவர் டோலன் ஒருநாள் இந்தக் கடைக்குள் நுழைந்தார். ஓய்வுபெற்ற பிளம்பர். "யாருக்குத் தைக்கிறோம்னு தெரியாம எப்படிங்க தைக்கிறது?" என்று இவர் ஆங்கிலத்தில் கேட்டு வைத்திருக்கிறார். அயர்லாந்துக்காரரிடம் கேட்கக்கூடாத கேள்வி அது. மத்தியானம் உட்கார்ந்த மனிதர் கடை சாத்தும்வரை எழுந்திருக்கவில்லையாம்.

அன்று பிடித்த பைத்தியம் இன்னும் தெளியவில்லை. "நகைய பேங்க்ல வச்சிட்டு துப்பாக்கி வாங்குங்கடின்னா பாரு அந்த அயர்லாந்து மார்கீவிச் சீமாட்டி, அவ பொம்பள!" என்று கத்தரிக்கோலை ஆட்டிக்கொண்டு முழங்குவார். பக்கத்து நகைக்கடைக்காரருக்குத் தமிழ் தெரியாதது நல்லதாகப் போயிற்று.

ஆனால் உயிரெல்லாம் கிரேஸ் ஓமாலி மீதுதான். பதினாறாம் நூற்றாண்டில் அயர்லாந்தின் மேற்குக் கடலைக் கலக்கிய கப்பல்கொள்ளைக்காரி. "முடி கயித்துல மாட்டும், கப்பல்ல வராதன்னு அவ வாப்பா சொன்னாராம். ஒட்ட வெட்டிட்டு ஏறிட்டா. எங்க வாப்பாவும் கீழக்கரையில படகு வச்சிருந்தாரு. பொம்பளப் புள்ள வரக்கூடாதுன்னாரு. நான் என்னா பண்ணேன்? அழுதுட்டு வீட்டுக்குள்ள போயிட்டேன்." சொல்லிவிட்டுத் தையல் எந்திரத்தை வேண்டுமென்றே வேகமாக ஓட்டுவார்.

இரண்டாயிரத்து இரண்டு மார்ச்சில், வழக்கமாக கிரேஸ் ஓமாலியாக நிற்கும் பெண் ஃப்ளோரிடாவுக்குக் குடிபோய்விட்டாள். "நான் நிக்கிறேன்" என்றார் அமீருன்னிசா. டோலன் சிவப்புப் பொய்முடியை எடுத்து நீட்டினார். இவர் தலைத்துணியை எடுக்க மாட்டார்.

"முடி தெரிய வேண்டாமா?" என்றாராம் டோலன்.

"கடல்காத்துல போறவ தலையில துணி கட்டாமலா போயிருப்பா? நீங்க பாத்தீங்களா?"

டோலன் பார்த்திருக்க நியாயமில்லை. "அப்பறம், நான் நிக்கலன்னா என் ட்ரெஸ்ஸும் நிக்காது" என்று இவர் முடித்துவிட்டார். மனிதர் கொஞ்ச நேரம் தலையைச் சொறிந்துவிட்டுச் சிரித்தாராம்.

வீட்டில்தான் பெரும்பாடு. மன்ஹாட்டனில் இரட்டைக் கோபுரங்கள் விழுந்து ஆறு மாதம்தான் ஆகியிருந்தது. கணவர் பாரூக் மன்ஹாட்டனுக்கு ரயிலில் போய்வரும் கணினிக்காரர். காரின் இரண்டு பக்கமும் அமெரிக்கக் கொடி ஒட்டி வைத்திருந்தார். "தலையில முக்காடு, கையில வாளு, நடுரோடு. இந்த டைம்ல இது தேவையா அமீரு? எவனாவது ஏதாவது பண்ணிட்டான்னா?" என்று என் முன்னாலேயே கேட்டார். அவரைக் கோழை என்று நான் சொல்ல மாட்டேன். அந்தக் குளிர்காலத்தில் பொட்டு வைத்த என்னையே கடைகளில் முறைத்தார்கள். எனக்கும் பயமாகத்தான் இருந்தது.

"அட்டை வாளு மச்சான். சமையல் ஃபாயில் சுத்தினது" என்றார் அமீருன்னிசா.

"அது அவனுக்குத் தெரியுமா?"

"உள்ள உக்காந்தாலும் பயமாத்தான் மச்சான் இருக்கு. ஆறு மாசமா உக்காந்து பாத்துட்டேன். வெளியில நின்னே பயந்துக்கிறேன்."

ஊர்வல நாளன்று காற்று ஆளைத் தள்ளியது. வரவே மாட்டேன் என்ற பாரூக் எனக்கு முன்பே வந்து தெருவோரம் நின்றுகொண்டிருந்தார். வண்டி வந்தது. அட்டைச் சிம்மாசனத்தில் எலிசபெத் ராணி. பல் மருத்துவமனையில் வரவேற்பாளராக இருக்கும் பெண்தான். எதிரே, பச்சை வெல்வெட் அங்கியும் கறுப்புத் தலைத்துணியுமாக அமீருன்னிசா. சிறையிலிருக்கும் மகனை விடுவிக்கச் சொல்லி லண்டனுக்கே போன கிரேஸ் ஓமாலி, ராணிக்குத் தலை வணங்கவில்லை என்று ஒரு கதை உண்டு. அந்தக் காட்சி இது. ஜனம் கைதட்டியது. நானும் அசடு மாதிரி விசிலடிக்க முயன்றேன்.

தெருமுனையில் வண்டி நின்றபோது கூட்டத்திலிருந்து ஒருவன் கத்தினான். "அந்தத் துணியைக் கழற்று! உன் நாட்டுக்குப் போ!"

கைதட்டல் நின்றது. பாரூக் என் கையைப் பிடித்த பிடி வலித்தது. முன்னால் நடந்துகொண்டிருந்த டோலன் முகம் சிவக்கத் திரும்பினார். காற்றில் அமீருன்னிசாவின் தலைத்துணி முடிச்சு வேறு நெகிழ்ந்து, ஒரு முனை பறந்துகொண்டிருந்தது.

அவர் கூட்டத்தில் கண்ணை ஓட்டி அந்த ஆளைக் கண்டுபிடித்தார். "ஹோல்ட் திஸ், ஒன் மினிட்" என்று வாளை எலிசபெத் ராணியிடம் நீட்டினார். ராணி பதறி எழுந்து, இரண்டு கையாலும் வாங்கிக்கொண்டாள். அவனைப் பார்த்த பார்வை விலகாமல், முடிச்சின் இரண்டு முனைகளையும் பிடித்து நன்றாக இழுத்து இறுக்கினார் அமீருன்னிசா.

பிறகு, திரும்பிப் பார்க்காமலேயே, வாளுக்காக ராணியிடம் கையை நீட்டினார்.