பொழுதுபடும்வரை பிந்திய சம்பந்தப் பேச்சு

எங்கள் அக்கா நெடுந்தீவில் மூத்த பிள்ளையாகப் பிறந்து, 1982 ஆவணியில், தமது நாற்பத்தெட்டாவது வயதில் காலமானார். முப்பத்தோராம் நாள் அந்தியேட்டிக் கிரியைக்கு வந்திருக்கும் நீங்கள் அவருடைய பொறுமையை அறிவீர்கள். அவர் ஏன் கல்யாணம் செய்யவில்லை என்பதை அறிந்தவர்கள் சிலரே. மாமாவின் மகனான மச்சானின் சம்மதத்துடன் அதை இங்கே எழுதுகிறேன்.

எங்கள் குடும்பத்தில் சிலருக்கு இளம் வயதிலேயே பொழுதுபட்டதும் பார்வை மங்கும். நடுவயதில் பகலும் இருண்டுவிடும். மாலைக்கண் என்று சொல்லி முருங்கையிலையும் ஆட்டீரலும் கொடுத்தார்கள். மாறவில்லை. ஆகவே எங்களிடையே சம்பந்தம் பேசுவது எப்போதும் பகலில்தான். வந்தவர்கள் பொழுது சாயுமுன் எழும்பிவிடுவார்கள். ஏனென்று எவரும் கேட்பதில்லை.

1956 மாசியில் மாமா குடும்பத்துடன் மாற்றுச் சம்பந்தம் பேச வந்தார். அக்காவுக்கு மச்சான்; எனக்கு அவருடைய சகோதரி, மச்சாள். ஒன்று நின்றால் மற்றதும் நிற்கும். எனக்கு மச்சாளில் விருப்பம் என்பதை அக்கா அறிவார். அன்று அவர் சமையலை வேண்டுமென்றே இழுத்தார்.

"பொழுது சாயுது பிள்ளை, நாங்கள் வெளிக்கிட வேணும்" என்று மாமி எழும்பினார்.

"இருங்கோ மாமி, கறி இன்னும் இறக்கேல்லை. பேய்க்குப் பயமோ?"

விறாந்தையில் விளக்கு ஏற்றவில்லை. அக்கா குசினியிலிருந்து வந்து, "மச்சான், மேசையிலை இருக்கிற செம்பை ஒருக்கா எடுத்துத் தாங்கோ" என்றார்.

செம்பு எங்கள் கண்ணுக்குத் தெரிந்தது. மச்சானின் கை அதைச் சுற்றி ஊர்ந்தது.

"மச்சாள், செம்பை ஒளிச்சு வைச்சிட்டு விளையாட்டுக் காட்டுறீரோ?" என்று அக்காவிடம் கேட்டார்.

"ஒளிக்கேல்லை மச்சான். எனக்கும் தெரியேல்லை."

அக்காவும் கையை நீட்டித் தடவினார். இரு கைகளும் செம்பைத் தாண்டிப் போய் ஒன்றையொன்று தொட்டன.

"மாமா, எங்கள் ரெண்டு பேருக்கும் பிறக்கிற பிள்ளை ஆரின்ரை கையைப் பிடிச்சு நடக்கும்?"

மாமா சால்வையை எடுத்துக்கொண்டு எழும்பினார். இரண்டு சம்பந்தமும் அன்றே நின்றன.

இது பரம்பரையாக வருவது, சொந்தத்துக்குள் கல்யாணம் முடித்தால் கூடும் என்று யாழ்ப்பாணத்துக் கண் வைத்தியர் பின்னர் சொன்னார். ஊர்ப் பரம்பரைகளைக் குறித்து வைப்பது என் வழக்கமாதலால் அப்பா வழியையும் அம்மா வழியையும் தேடினேன். சில தலைமுறைகளுக்கு மேல் பெயர்கள் கிடைக்கவில்லை. ஆனால் இரு பழைய வளவுகளின் மதில்களையும் பார்த்தேன். நெடுந்தீவில் மதில் கட்டும் முருகைக்கல், கடலின் பவளக்கல், கையைக் கிழிக்கும். அங்கேயோ, கிணற்றடிக்குப் போகும் வழி முழுவதும், கை படும் உயரத்தில், கற்கள் வழவழத்திருந்தன. தடவி நடந்தவர்கள் யாரென்று சொல்ல எவருமில்லை.

1972 அளவில் அக்காவின் பார்வை முற்றாகப் போயிற்று. அதன் பின்னும் மாடுகளைத் தாமே கறந்தார். நான் 1960இல் வெளியூரான சுருவிலில் கல்யாணம் செய்தேன். என் மகள் பொழுதுபடக் கிணற்றடிக்குப் போகும்போதெல்லாம் அவளுடைய கை மதிலுக்குப் போகிறதா என்று பார்த்தபடியே இருக்கிறேன். இதுவரை போகவில்லை.

கடைசி நாட்களில் அக்கா கேட்டது ஒன்றுதான்: "பிள்ளைக்குச் சம்பந்தம் பேச வாறவையை எந்த நேரம் வரச் சொன்னனீ?"

அக்காவைக் கடல் கடந்து ஊர்காவற்றுறை வைத்தியசாலைக்குக் கொண்டுசென்ற வள்ளக்காரருக்கும், அங்கே பார்த்துக்கொண்ட தாதிமாருக்கும், தன் மகனின் தோளைப் பிடித்தபடி வந்து கிரியை முடியும்வரை நின்ற மச்சானுக்கும் எங்கள் நன்றி. என் மகளுக்கு இப்போது சம்பந்தங்கள் வருகின்றன. வருபவர்கள் பொழுதுபட வாருங்கள். விளக்கைப் பிந்தித்தான் ஏற்றுவோம்.