முள் எடுத்த மீன்

சனிக்கிழமை, காலை ஏழு இருபது. சமையலறைக்குள் நுழைந்ததும் முதலில் கண்ணில் பட்டது, மேசைமேல் வரிசையாக வைத்திருந்த ஐந்து சோற்று உருண்டைகள். ஒவ்வொன்றும் நெல்லிக்காய் அளவு. ஆறாவதை என் மனைவி ரோஸ்லின் வாயில் போட்டு, மெல்லாமல், கண்ணை மூடிக்கொண்டு விழுங்கப் பார்த்தாள். இறங்கவில்லை. பாத்திரம் கழுவும் தொட்டியில் குனிந்து துப்பினாள்.

"முள்ளு," என்றாள். "நேத்து மீன்ல உள்ளது."

தூத்துக்குடிக் கடற்கரையில் தொண்டையில் முள் மாட்டினால் யாரும் டாக்டரிடம் ஓடுவதில்லை. சோற்றை உருட்டி முழுதாக விழுங்கினால் முள் அதோடு இறங்கிவிடும். ரோஸ்லின் அந்தக் கரையில் பிறந்தவள். முள் நிறைந்த முள்ளுவாளை மீனைப் பேசிக்கொண்டே தின்று, முட்களை உதட்டோரமாகத் தள்ளிவிடுவாள். நான் கடலை விட்டு உள்ளே தள்ளியிருக்கும் சாத்தான்குளத்துக்காரன். கல்யாணமான புதிதில் நான் ஒவ்வொரு துண்டையும் சோதித்துத் தின்பதைப் பார்த்து, "புரூப் பாக்கியளோ?" என்று கேட்டாள். அப்போது நான் ஒரு பத்திரிகைக்குத் துறைமுகச் செய்தி எழுதிக்கொண்டிருந்தேன். இப்போது இங்கிலாந்தின் வடகிழக்கில், இன்னொரு துறைமுக ஊரில், கப்பல் அலுவலகக் குமாஸ்தா.

அந்த முள் மூன்று வாரம் இறங்கவில்லை. சோற்றுக்குப் பதில் வாழைப்பழம், பிறகு பாலில் நனைத்த ரொட்டி, பிறகு கஞ்சி. "டாக்டர்ட்ட காட்டுவோம்" என்றால், "சாத்தாங்குளத்து ஆளுக்கு மீனப் பத்தி என்ன தெரியும்? கருவாடு தெரியும்" என்பாள்.

இந்த நாட்டில் மீன், மீன் உருவத்தில் வீட்டுக்கு வருவதில்லை. தலை, தோல், முள் எல்லாம் நீக்கி, வெள்ளைத் துண்டாகக் காகிதத்தில் சுற்றித் தருகிறார்கள். புதிதாக வந்தபோது அதைக் கண்டு நாங்கள் சிரித்தோம். நான்காவது சனிக்கிழமை, வழக்கமான ஹேடாக் மீன் வாங்கியபோது கடைக்காரரிடம் கேட்டேன்: "இதன் முள்ளெல்லாம் எங்கே போகிறது?" இதில் முள் தப்பியிருக்க முடியுமா என்று அறிவது என் நோக்கம். அவர் தலையசைத்துவிட்டு உள்ளே போய், ஒரு பெரிய பொட்டலத்தைக் கொண்டுவந்து நீட்டினார். "பூனைக்குத்தானே? காசு வேண்டாம்." எங்களிடம் பூனை இல்லை. நன்றி சொல்லி வாங்கிக்கொண்டேன்.

வீட்டில் பொட்டலத்தை அவள் முன்னால் பிரித்து வைத்தேன். "ஏளா, நம்ம மீனோட முள்ளெல்லாம் கடையிலேயே இருக்கு. ஒன் தொண்டையில இருக்கது என்ன?"

ரோஸ்லின் எலும்புக்கூடுகளைக் கொஞ்சநேரம் பார்த்தாள். "எனக்குத் தெரியாதா? மீன அரியுதவ நான்தானே," என்றாள். "முள்ளுன்னு சொல்லிக்கிட்டே இருந்தா முள்ளாவே இருந்துரும்னு நெனச்சேன்." பிறகு மருத்துவமனைக்குப் போகக் குளிர்கோட்டை எடுத்து மாட்டிக்கொண்டாள்.

அவள் பயத்துக்குக் காரணம் உண்டு. பதினான்கு ஆண்டுகளுக்கு முன் அவள் இடது மார்பில் கட்டி வந்தது. சென்னையில் அறுவை செய்து, பிறகு ஐந்து வாரம் கதிர்வீச்சு வைத்தார்கள். கதிர் விழவேண்டிய எல்லையைக் காட்ட, நெஞ்சில் நான்கு இடங்களில் நீலப் புள்ளி குத்தினார்கள். அந்தப் புள்ளிகள் அழியவில்லை. ஊர் திரும்பியபின் கழுத்துவரை மூடிய ரவிக்கைதான் போட்டாள். சொந்தக்காரர்களிடம் 'சாதாரணக் கட்டி' என்றோம். நோயின் பெயரைச் சென்னை டாக்டர் என்னைத் தனியே வராந்தாவுக்கு அழைத்துத்தான் சொன்னார். அதை அவளிடம் சொல்ல எனக்கு ஏழு மாதம் ஆயிற்று.

இங்கே மருத்துவமனையில் ஒரு நர்ஸ் அந்தப் புள்ளிகளைப் பார்த்து, "உங்கள் மதச் சின்னமா?" என்று மரியாதையாகக் கேட்டாள். ரோஸ்லின், ஆமாம் என்று தலையாட்டிவிட்டாள். முன்பு பெரிய நோய் எதுவும் இருந்ததா என்ற கேள்விக்கும் இல்லை என்றாள். டாக்டர் வந்தார். நான்கு புள்ளிகளையும் இணைத்து விரலால் ஒரு சதுரம் வரைந்தார். "எந்த ஆண்டு கதிர் வைத்தார்கள்?" என்றார்.

வெள்ளை மாவுபோன்ற மருந்தைக் குடிக்கவைத்து எக்ஸ்ரே எடுத்தார்கள். குழாய் விட்டுச் சதைத் துணுக்கு எடுத்தார்கள். ஒன்பதாம் நாள் டாக்டர் அவளைப் பார்த்துச் சொன்னார், நான் பக்கத்து நாற்காலியில் இருந்தேன். உணவுக்குழாயில் புற்றுநோய். அன்று மார்புக்கு வைத்த கதிர் உணவுக்குழாய் வழியாகவும் போயிருக்கிறது. இத்தனை ஆண்டு கழித்து அதனாலேயே இது வந்திருக்கலாம். அதே இடத்தில் மறுபடி கதிர் வைக்க முடியாது. ஆனால் சிறிதாக இருக்கும்போதே வந்துவிட்டீர்கள், வெட்டி எடுக்கலாம் என்றார். அபாயமான அறுவை என்பதையும் மறைக்கவில்லை.

பஸ்ஸில் வரும்போது நான் சென்னை மருத்துவமனையைக் கோபமாக ஏதோ சொன்னேன்.

"சும்மா இருங்க," என்றாள். "அன்னிக்கு அது வைக்கலன்னா இந்தப் பதினாலு வருசம் ஏது? ஒம்மகூட இந்தக் குளிர்ல சண்டை போட ஆளு ஏது?"

அறுவை ஆறு மணிநேரம் நடந்தது. கெட்ட பகுதியை எடுத்துவிட்டு, இரைப்பையை மேலே இழுத்து இணைத்தார்கள். பன்னிரண்டாம் நாள் ஒரு கரண்டி தண்ணீர் இறங்கியது. ஒரு மாதம் கழித்துக் கஞ்சி. இப்போது நாளுக்கு ஆறு வேளை, கொஞ்சம் கொஞ்சமாகச் சாப்பிடுகிறாள். மூன்று தலையணை வைத்துச் சாய்ந்து தூங்குகிறாள். மூன்று மாதத்துக்கு ஒருமுறை சோதனை. இதுவரை ஐந்து முறையும் சுத்தம்.

சென்ற ஜனவரியில் தூத்துக்குடி போனோம். நான் செய்தி எழுதிய காலத்தில் கப்பல்கள் கடலில் தள்ளி நிற்கும், தோணிகள் போய்ச் சரக்கை இறக்கி வரும். இப்போது புதிய துறைமுகத்தில் கப்பல் கரையை ஒட்டி நிற்கிறது. அவளுடைய அண்ணன் வீட்டில் மத்தியானச் சாப்பாடு. முள்ளுவாளைக் குழம்பு. அண்ணன் மனைவி, ரோஸ்லினுக்கு மட்டும் முள்ளெல்லாம் எடுத்து, வெள்ளைச் சதையாக ஒரு கிண்ணத்தில் வைத்தார்.

"நான் என்ன வெள்ளக்காரியா மைனி? முள்ளோட போடுங்க."

அண்ணன் என்னைப் பார்த்தார். "ஏளா, பையத் தின்னு," என்றேன்.

"சாத்தாங்குளத்தாரு பேசப்படாது."

எல்லாரும் கைகழுவிய பிறகும் அவள் தின்றுகொண்டிருந்தாள். எங்களுக்குத் திரும்பும் விமானம் வியாழக்கிழமை. அடுத்த சோதனை திங்கட்கிழமை. அவள் எழுந்தபோது மணி ஒன்று நாற்பது. தட்டின் ஓரத்தில் பதினோரு முட்கள் இருந்தன.