பால்கனி காலியான கதை

என் வீட்டுக்காரர் லிஃப்ட் மெக்கானிக். லிஃப்ட் ஓடாதபோதுதான் அவரைக் கூப்பிடுவார்கள். அதனால் இருபத்திரண்டு வருடமாக அவர் ஏறியதெல்லாம் படிக்கட்டுதான். வலது முட்டி தேய்ந்துபோயிற்று. கண்ட்ரோல் ரூமில் உட்கார்ந்து பார்க்கும் வேலைக்குக் கம்பெனி பரீட்சை வைக்கிறது என்றதும் பேர் கொடுத்துவிட்டார். அங்கே எல்லாமே கோ என்ற கம்ப்யூட்டர் மொழியில் ஓடுகிறதாம். தேறாவிட்டால் மறுபடி படிக்கட்டு.

மகளின் பழைய லேப்டாப்பை சாப்பாட்டு மேஜையில் வைத்துக்கொண்டு தினமும் காலையில் பயிற்சி. புரோகிராம் சரியாக வந்தால் பச்சை, தப்பென்றால் சிவப்பு. வரிசையைப் பூஜ்யத்திலிருந்து எண்ண வேண்டும் என்றதும் கூடப் படித்த இளவட்டங்களே திணறினார்களாம்.

"கிரவுண்ட் ஃப்ளோர் ஜீரோதானே? இதுல என்ன இருக்கு?" என்றார் இவர்.

சிவப்பு வேறு பக்கமாக வந்தது. என்றைக்காவது உதவும் என்று எதையும் எடுத்து வைக்கிற மனுஷர் இவர். தேய்ந்த கப்பி, பழைய பட்டன், அறுந்த ஒயர் என்று பால்கனியில் துணி காயப்போட இடமில்லை. புரோகிராமிலும் அதே புத்தி. மதிப்புகளைப் போட்டுவைக்க வேண்டிவரும் என்று முதலிலேயே ஆறேழு பெயர்களை எழுதி வைத்துக்கொள்வார். எழுதிய பெயரில் ஒன்றைப் பயன்படுத்தாவிட்டாலும் கோ ஓடவே ஓடாது.

"அது பாட்டுக்கு ஓரமா கிடந்துட்டுப் போகுது. இதுக்கு என்ன வந்துச்சு?" என்று திரையோடு சண்டை பிடிப்பார்.

"கல்யாணமான நாள்லேருந்து இதைத்தானே நானும் சொல்றேன்? பொண்டாட்டி சொன்னா ஏறாது, மெஷின் சொன்னா மட்டும் மண்டையில ஏறுதா?"

"ஏறலையே. அதானே பிரச்சினை."

பரீட்சையோ ஒரு மணி நேரம்தான். இவருக்குப் பாதி நேரம் சண்டையிலேயே போய்விடும். பரீட்சைக்கு நாலு நாள் முன்பு திடீரென்று எழுந்து பால்கனிக் கதவைத் திறந்தார்.

"கை தானா எடுத்து வெக்குது. முதல்ல கையைப் பழக்கணும்."

முட்டியைப் பிடித்துக்கொண்டே பழைய இரும்புக் கடைக்கு நாலு மூட்டை கட்டினார்.

தேறிவிட்டார். இப்போது நாற்காலியில் உட்கார்ந்துதான் வேலை. நான் பால்கனியில் துணி காயப்போடுகிறேன்.

மூட்டையிலிருந்து ஒன்றை மட்டும் அவருக்குத் தெரியாமல் எடுத்துக்கொண்டேன். லிஃப்ட் குழிக்குள் இறங்கும்போது தலையில் கட்டிக்கொள்வாரே, அந்த டார்ச். இப்போது எரியாது, எதற்கும் உதவாது. அத்தனை வருடமும் அந்த இருட்டுக்குள்ளிருந்து அவரை என்னிடம் பத்திரமாகக் கொண்டுவந்து சேர்த்தது அதுதான். அலமாரியில் என் துணிகளுக்கு அடியில் இருக்கிறது. கோ என்ன வேண்டுமானாலும் சொல்லிக்கொள்ளட்டும்.