ஃபேனைக் கழற்றிய பிறகும் கேட்ட சத்தம்

முதலிலேயே சொல்லிவிடுகிறேன். நான் கதை கட்டுகிற ஆள் இல்லை. பதினேழு வருடமாகக் கரடிகளின் மலத்தை உலர்த்தி, பொடித்து, ஹார்மோன் அளவு பார்த்துக்கொண்டிருப்பவள். என் வீட்டில் என்னைக் கேலி செய்வதே இதை வைத்துத்தான். இப்படிப்பட்டவளுக்குத்தான் ஒரு ஞாயிற்றுக்கிழமை, பட்டப்பகலில், பன்னிரண்டு நாற்பதுக்கு இது நடந்தது. பேய்க்கு ராத்திரிதான் வேண்டும் என்று சொன்னவர்கள் எங்கள் மையத்துக்கு வந்ததில்லை.

அழிந்துவரும் ஒரு கரடி இனத்தைக் கூண்டில் வைத்துப் பெருக்குகிற மையம் அது. ஆண் கரடியிடம் விந்து எடுத்து உறைய வைப்போம். பெண் கரடியை மயக்கி அதைச் செலுத்துவோம். எங்கள் பெண் கரடிக்கு மகாராணி என்று பட்டப்பெயர். எல்லோரும் விலகிப் போனால்தான் சாப்பிடுவாள். அவளுக்குப் பொருத்தமான ஆண், நாங்கள் தாத்தா என்று கூப்பிட்டவன், ஆறு வருடம் முன்பே செத்துப்போனான். அவன் விட்டுப்போனவை பதினோரு உறைகுழாய்கள். அந்த வருடம் நான் செலுத்தியது கடைசிக் குழாய். அதோடு அவன் வம்சத்துக்கு வேறு வழியில்லை.

கரடியிடம் ஒரு தொல்லை உண்டு. கருத்தரித்தாலும் இல்லாவிட்டாலும் உடம்பு ஒரே நாடகம்தான் ஆடும். ஹார்மோன் ஏறும், இறங்கும், வைக்கோலை இழுத்துப் படுக்கை போட்டுக்கொள்வாள். பொய்க் கர்ப்பம். மூன்று வருடம் அப்படி ஏமாந்திருந்தோம். உண்மையிலேயே குட்டி பிறந்தாலும் எலி அளவுதான் இருக்கும், கேமராவில் தெரியாது. ஆனால் காதில் விழும். பால் குடிக்கும்போதும் கதகதப்பாக இருக்கும்போதும் குட்டி ரீங்காரம் செய்யும், சின்ன மோட்டார் ஓடுகிற மாதிரி. அதற்காகவே அவள் குட்டி போடுவதற்கான குகை அறையில் மைக் வைத்திருந்தோம். ஹார்மோன் இறங்கியதிலிருந்து நாற்பது நாள் கேட்ட பிறகுதான் கதவைத் திறக்க வேண்டும். அந்த விதியை எழுதியவளே நான்தான்.

அந்த வருடம் குகை அறைக்குப் புது எக்ஸாஸ்ட் ஃபேன் போட்டிருந்தார்கள். பதினெட்டாம் நாள் ஹெட்ஃபோனில் இரைச்சல் கொஞ்சம் கூடியது. எனக்கோ தலைவலி. ஃபேன்தானே என்று கணினியில் அந்தச் சத்தத்தை மட்டும் வடிகட்டிவிட்டேன். அதன் பிறகு மூன்று நாள் ஒன்றுமே கேட்கவில்லை. இருபத்தொன்றாம் நாள் 'பொய்க் கர்ப்பம்' என்று எழுதிக் கையெழுத்துப் போட்டேன். நாலாவது முறையும் ஏமாந்து நிற்க என் தலைக்கனம் இடம் கொடுக்கவில்லை. குகை அறைக்குச் சுண்ணாம்பு அடிக்கிறவரும் அந்த வாரத்தை விட்டால் வரமாட்டேன் என்றிருந்தார்.

மகாராணியைப் பார்த்துக்கொள்கிற கீப்பர் அண்ணன் மட்டும் தயங்கினார்.

"தேனைக் காட்டினாக்கூட எந்திரிக்க மாட்டேங்குறா மேடம். இன்னும் பத்து நாள் விட்டுப் பாப்போம்."

நான் கேட்கவில்லை. தண்ணீர்த் தொட்டியை வெளி முற்றத்துக்கு மாற்றச் சொன்னேன். இரண்டு நாள் தாகத்தோடு கிடந்தாள். மூன்றாம் நாள் காலை, திரும்பித் திரும்பிப் பார்த்துக்கொண்டே வெளியே வந்தாள். அண்ணன் இரும்புக் கதவை இறக்கினார். உள்ளே வைக்கோலை வாரி நாலு மூட்டையாகக் கட்டியது நான். முகமூடி, தடித்த கையுறை, அவசரம். மூட்டைகளை எரியுலைக்கு அனுப்பினேன்.

சாயங்காலம் வரை மகாராணி கதவில் மோதினாள். பொய்க் கர்ப்பத்திலும் தாய்ப்பாசம் வரும் என்று எல்லோருக்கும் விளக்கம் சொன்னேன். குற்றமுள்ள நெஞ்சு குறுகுறுக்கும் என்பார்கள். எனக்கு அன்று குறுகுறுக்கவே இல்லை. அதை நினைத்தால்தான் இன்றும் என் மீதே எனக்கு அருவருப்பாக இருக்கிறது.

மூன்று மாதம் போனது. அந்த ஞாயிறு நான் பழைய பதிவுகளை அடுக்க வந்திருந்தேன். கேமரா அறையில் வேறு யாரும் இல்லை.

12:40. மேசையில் கழற்றி வைத்திருந்த ஹெட்ஃபோனிலிருந்து மெல்லிய சத்தம்.

ர்ர்ர்ர்ர்...

ஃபேன் என்று நினைத்து வேலையைப் பார்த்தேன்.

12:46. கணவர் போன் செய்தார். சாப்பிட்டாயா என்று கேட்டார். பிறகு கொஞ்சம் நிறுத்தி, "அங்க என்ன மோட்டார் ஓடுது?" என்றார்.

ஃபேன் என்றேன்.

"ஃபேன் மாதிரி இல்லையே. ஏறி ஏறி இறங்குது. நடுவுல மூச்சு வாங்குது."

எல்லாவற்றிலும் உங்களுக்குச் சந்தேகம் என்று சிரித்துவிட்டு வைத்தேன். வைத்த பிறகுதான் உறைத்தது. வியாழக்கிழமையே ஃபேனைக் கழற்றி ரிப்பேருக்குக் கொண்டுபோயிருந்தார்கள்.

திரையைப் பார்த்தேன். குகை அறைச் சுவரில் வட்டமாக ஓர் ஓட்டை. ஃபேன் இல்லை. வைக்கோலும் இல்லை. வெறும் சிமென்ட் தரை.

முற்றத்துக் கேமராவைப் பார்த்தேன். மகாராணி வழக்கமாகப் படுக்கும் மர நிழலில் இல்லை. இரும்புக் கதவை ஒட்டிச் சுருண்டு படுத்திருந்தாள். முன்னங்கால்களை மார்பின் முன்னால் குவித்து வைத்திருந்தாள். பால் கொடுக்கிற தாய் அப்படித்தான் படுக்கும்.

ஹெட்ஃபோனின் வயரைப் பிடுங்கினேன்.

சத்தம் நிற்கவில்லை.

அது தாழ்வாரத்திலிருந்து வந்தது.

12:53. குகை அறைச் சாவியை எடுத்துக்கொண்டு போனேன். ஏன் போனேன் என்று கேட்காதீர்கள். வீட்டுக்கு ஓடியிருக்கலாம். ஆனால் கால் அந்தப் பக்கம்தான் போனது. பூட்டைத் திறந்தேன்.

உள்ளே சுண்ணாம்பு வாசனை. வெளிச்சம் நன்றாகவே இருந்தது. ஒளிந்துகொள்ள ஒரு மூலைகூட இல்லை.

ர்ர்ர்ர்ர்... ர்ர்ர்ர்...

தரையிலிருந்து.

மண்டியிட்டுக் கையை வைத்தேன். சிமென்ட் சில்லென்றிருந்தது. கொஞ்சம் நகர்த்தினேன். சில்.

இன்னும் கொஞ்சம்.

சூடு.

வெயில் விழாத இடம். உள்ளங்கை அகலம். அதைச் சுற்றி எல்லாம் குளிர்.

அந்தச் சூடு அசைந்தது.

என் கையைத் தடவித் தேடியது...

கண்ணுக்கு ஒன்றும் தெரியவில்லை. ஆனால் ஏதோ ஒன்று என் சுண்டுவிரலைப் பற்றியது.

சப்பியது.

ர்ர்ர்ர்ர்...

கையை இழுக்கவில்லை. இழுக்க மனம் வரவில்லை. கதவுக்கு அந்தப் பக்கம் மகாராணி மூச்சு விடுவது கேட்டது.

1:04.

நின்றது.

தரை ஆறிப்போனது.

அன்று மாலையே பதினெட்டாம் நாள் பதிவை எடுத்து, வடிகட்டாமல் கேட்டேன். ஃபேன் ஒரே சீராக ஓடியது. அதற்கு மேலே இன்னொரு சத்தம், ஏறி, இறங்கி, மூச்சு வாங்கி. நாலு மணி நேரம் கேட்டேன். அழுதேன். என் கையெழுத்துப் போட்ட அறிக்கை பக்கத்திலேயே கிடந்தது.

திங்கட்கிழமை காலை கீப்பர் அண்ணனிடம் எல்லாவற்றையும் சொன்னேன். நம்பமாட்டார், இல்லாவிட்டால் திட்டுவார் என்று நினைத்தேன். இரண்டும் செய்யவில்லை. எரியுலை ஆளைப் போய்ப் பாருங்கள் என்று மட்டும் சொல்லிவிட்டுத் தண்ணீர்த் தொட்டியைக் கழுவப் போனார்.

எரியுலை ஆள் வளாகத்தின் பின்பக்கம் சாம்பல் அள்ளிக்கொண்டிருந்தார். அந்த வைக்கோல் மூட்டைகள் நினைவிருக்கிறதா என்று கேட்டேன். நன்றாக நினைவிருக்கிறது என்றார்.

"ஒரு மூட்டை மட்டும் அதிர்ந்துகிட்டே இருந்துச்சு. யாரோ போனை உள்ள விட்டுட்டாங்கன்னு நெனச்சேன். உங்களுக்குத்தானே மேடம் போன் பண்ணிக் கேட்டேன்."

எனக்கு நினைவே இல்லை.

"என் போன் என் கையிலதான் இருக்கு, மூட்டையைப் போட்டுடுங்கன்னு சொன்னீங்க."

போனை எடுத்துத் தேடினேன். அழைப்பு இருந்தது. அந்தத் தேதி, காலை 11:20. பதினெட்டு வினாடி. அப்போது மூட்டை எங்கே இருந்தது என்று கேட்டேன். தன் இடது தோளைத் தொட்டுக் காட்டினார்.

அதைப் பார்த்ததும் எனக்கு எல்லாம் நினைவுக்கு வந்தது. அவர் குரலோடு சேர்ந்து ஓர் இரைச்சல் கேட்டது. லைன் சரியில்லை என்று நினைத்து வைத்துவிட்டேன்.