பதினான்கு வட்டங்கள்

"அந்த வெள்ளைக்காரனுக்குக் குடுக்க உனக்கு வேற உறவே கிடைக்கலையா?" என்று அத்தை கேட்டார்.

கடை வாசலில் ஆர்ச்சி ஜகமரா பழைய டயர் ஒன்றின் மேல் உட்கார்ந்திருந்தார். நான் அத்தையின் மாவுப் பையைத் தூக்கிக்கொண்டு பின்னால் நின்றேன். எனக்குப் பன்னிரண்டு வயது. எங்கள் ஆஸ்திரேலியப் பாலைவன ஊரில் ஜகமரா, ஜுப்புருலா, நங்கலா என்பவை முறைப்பெயர்கள்; யாருக்கு யார் என்ன உறவு என்பதை அவைதான் சொல்லும், வெளியாள் வந்து தங்கினாலும் ஒன்று கொடுத்தாகவேண்டும்.

"பம்ப்பை ரிப்பேர் பண்ணிக் குடுத்தான். ரெண்டு டயரும் குடுத்தான். அதான் 'நீ என் பையன்டா'ன்னு சொல்லிட்டேன். என் பையன்னா அவன் ஜுப்புருலாதானே?"

"ஜுப்புருலான்னா எனக்கு என்ன முறை?"

ஆர்ச்சி விரல் விட்டு எண்ணினார். பாதியில் விரல்கள் நின்றன. "ஐயோ" என்றார்.

"வாயைத் திறந்து சொல்லு."

"மருமகன்."

"மாமியாரும் மருமகனும் மூஞ்சியைப் பாத்துப் பேசலாமா?"

"கூடாது."

"அவன் எதுக்கு வந்திருக்கான்? கதை கேக்க. மழை போன வழியைக் கடைசி வரைக்கும் நடந்தவ இந்த ஊர்ல யாரு மிச்சம் இருக்கா?"

"நீதான், சம்பந்தி."

"சம்பந்தியாம்! ரெண்டு டயருக்கு என் வாயைக் கட்டிட்டியே. மாத்து. வேற பேரு வை."

"குடுத்துட்டுத் திருப்பி வாங்க அது என்ன கடைச் சட்டையா? நேத்தே ஊரெல்லாம் கூப்பிட ஆரம்பிச்சாச்சு. நல்லதைப் பாரு. மருமகன்னா உனக்குக் கறி கொண்டு வரணும்ல?"

"டின் மீன் திங்கிறவன் கங்காரு அடிச்சுக் கிழிச்சான்."

அப்போதுதான் ஆர்ச்சியின் பார்வை என் மேல் விழுந்தது. "இதோ நங்கலா இருக்காளே! அவனுக்கு இவ பாட்டி முறை. பாட்டியும் பேரனும் எவ்வளவு வேணா பேசலாம். ரெண்டு மொழியும் படிக்கிறா. நீ இவகிட்ட சொல்லு, இவ அவன்கிட்ட சொல்லட்டும்."

அத்தை என்னைத் திரும்பிப் பார்த்தார். "இவளா? இவ வாயைத் திறந்து மூணு நாள் ஆச்சு."

அத்தையின் பேச்சு என்னிடம் வந்து சேர்ந்தது இப்படித்தான். அவர் இறந்து இன்னும் இரண்டு வருடம் ஆகவில்லை. இறந்தவர் பெயரைச் சில வருடங்களுக்குச் சொல்லக்கூடாது என்பது எங்கள் வழக்கம்; அதனால் அவர் பெயரை இங்கே எழுதவில்லை. அதே பெயருள்ள என் பள்ளித்தோழியைக்கூட இப்போது யாரும் பெயர் சொல்லிக் கூப்பிடுவதில்லை.

அச்சில் அவரைப் பற்றி ஒரே ஒரு வரி இருக்கிறது. ஹாலம் என்ற அந்த ஆராய்ச்சியாளரின் புத்தகம் இரண்டாம் முறை அச்சானபோது, மழை வழி வரைபடத்தின் கீழே சிறிய எழுத்தில் சேர்த்தார்கள்: 'சொன்ன பெண்மணிக்குக் கடைசி மூன்று இடங்கள் மறந்துவிட்டன.' அது பொய். அது எப்படி அங்கே வந்தது என்பதை நான்தான் சொல்லவேண்டும்.

அத்தை என் அப்பாவின் அக்கா. சிறுவயதில் மாட்டுப் பண்ணையில் துணி துவைத்தார். அங்கிருந்து இரண்டு முறை ஓடிப்போய், தன் அப்பாவோடு மழையின் வழியில் நடந்தார். பிறகு ஊர் கிளினிக்கில் தரை துடைத்தார். சீட்டாட்டத்தில் யாருக்கும் இரங்கமாட்டார். சூடான சாம்பலில் அவர் சுட்டெடுக்கும் ரொட்டிக்கு நாய்கள் முன்கூட்டியே வந்து வரிசையில் படுத்திருக்கும். என் அப்பா இறந்த பிறகு, மழை போன அந்த நிலத்தைப் பற்றிப் பேச உரிமையுள்ள ஆள் அவர் ஒருவர்தான்.

எங்கள் ஆதிக் கதையில், மழை மேற்கே ஒரு குகையில் எழுந்து, கிழக்கே நடந்து, வழியில் பதினான்கு இடங்களில் உட்கார்ந்து இளைப்பாறி, கடைசி இடத்தில் மணலுக்குள் இறங்கியது. இறங்கிய இடத்தில் இரண்டு பாறைகளும் ஓர் ஊற்றும் இருந்தன. கையால் தோண்டினால் முழங்கை ஆழத்தில் தண்ணீர். அத்தை பிறந்ததும் அங்கேதான். ஹாலம் வருவதற்கு முந்தைய வருடம் சுரங்கக்காரர்கள் அதன் பக்கத்தில் இரண்டு ஆரஞ்சு நிறக் கொடிகளை நட்டுவிட்டுப் போயிருந்தார்கள்.

"காகிதத்துல இருந்தாத்தான் அவனுங்க கண்ணுக்கு இடம் தெரியும். இல்லன்னா பாறையும் தெரியாது, தண்ணியும் தெரியாது" என்று அத்தை சொல்வார். மருமகன் வந்து தொலைத்தும் அவர் கதை சொல்லச் சம்மதித்தது அதற்காகத்தான்.

ஹாலம் நல்ல மனிதர். மரியாதை தெரிந்தவர். அத்தை நடந்து வருவதைப் பார்த்தால் வண்டியைத் திருப்பிக்கொண்டு கடையைச் சுற்றிப் போவார். சனிக்கிழமைதோறும் கடையின் உறைபெட்டியிலிருந்து கங்காரு வால் ஒன்று வாங்கி என்னிடம் கொடுப்பார். "பாட்டி, இதை என் மாமியாருக்குக் குடுத்துடு" என்பார். மேற்படிப்பெல்லாம் படித்த நாற்பது வயது ஆள், பல் விழுந்து முளைத்துக்கொண்டிருந்த என் தம்பியின் எதிரில் என்னைப் பாட்டி என்பார். தம்பி தரையில் புரண்டு சிரிப்பான்.

கதை சொன்னது மூன்று நாட்கள். அத்தை மரத்தடியில் முதுகைக் காட்டி உட்கார்ந்து, முன்னால் இருந்த மணலைக் கையால் தட்டிச் சமன் செய்தார். ஒவ்வோர் இடத்துக்கும் விரலால் ஒரு வட்டம் போட்டு, அதன் பாட்டை மெல்ல முணுமுணுத்து, அங்கே என்ன நடந்தது என்று சொன்னார். நான் கேட்டுக்கொண்டு இருபதடி தள்ளி அடுத்த மரத்தடிக்கு நடந்துபோய், ஹாலமிடம் ஆங்கிலத்தில் சொன்னேன். அவர் தன் பெரிய வரைபடத்தில் அதே இடத்தில் ஒரு வட்டம் போட்டார்.

முதல் நாள் அத்தை என் மணிக்கட்டைப் பிடித்து நிறுத்தினார். "நங்கலா, நீ கூச்சப்படுற பொண்ணு. ஆனா இது உன் பேச்சு இல்ல, என் பேச்சு. அதுக்கு நீ கூச்சப்படாதே."

மூன்றாம் நாள் வெள்ளிக்கிழமை. பக்கத்து ஊரில் விளையாட்டுப் போட்டி. பெண்கள் எல்லாரும் லாரியில் ஏறிவிட்டார்கள். நான் மட்டும்தான் பாக்கி. ஓட்டுநர் ஹாரன் அடித்துக்கொண்டே இருந்தார். அத்தை கடைசி மூன்று இடங்களையும் சேர்த்துச் சொல்லி முடித்தார். நான் அடுத்த மரத்தடிக்குப் போனபோது ஹாலம் பதினோராவது வட்டத்தை உப்பு ஏரியில் போட்டு முடித்து, பேனாவை மூடி, வரைபடத்தை மடித்துக்கொண்டிருந்தார். "உப்பு ஏரியோட முடிஞ்சுதில்ல, பாட்டி?" என்றார்.

இல்லை, இன்னும் மூன்று இருக்கிறது என்று சொல்லவேண்டும். அவர் மறுபடியும் மடிப்பைப் பிரிப்பார். அந்த இரண்டு பாறைகளுக்கான வார்த்தைகள் எனக்கு ஆங்கிலத்தில் சட்டென்று வராது. அவர் பொறுமையாகக் காத்திருப்பார். அந்தப் பொறுமைதான் எனக்குக் கூச்சம். ஹாரன் மறுபடி அடித்தது. நான் தலையை ஆட்டினேன்.

அத்தையிடம் திரும்பி ஓடினேன். அவர் திரும்பிப் பார்க்கமுடியாது. திரும்பினால் மருமகன் கண்ணில் படுவார். மணலைப் பார்த்தபடியே கேட்டார்: "எத்தனை வட்டம் போட்டிருக்கான்?"

"பதினாலு, அத்தை."

"நல்லாப் பாத்தியா?"

"பாத்தேன், அத்தை."

அவர் உள்ளங்கையால் மணலை ஒரே இழுப்பில் அழித்துவிட்டு, "போ, போ. லாரி போயிடப்போகுது" என்றார். அன்றைய ஆட்டத்தில் நாங்கள் தோற்றோம்.

அந்த வட்டங்கள் ஒன்பது வருடம் யாருக்கும் தேவைப்படவில்லை. சுரங்கத்துக்குச் சாலை போட வந்தபோதுதான் தேவைப்பட்டன. வந்தவர்கள் ஹாலமின் வரைபடத்தைப் பிரித்துப் பார்த்தார்கள். உப்பு ஏரிக்குக் கிழக்கே ஒன்றும் இல்லை. இரண்டு பாறைகளையும் உடைத்துச் சாலைக்குச் சரளைக்கல் ஆக்கினார்கள். செய்தி வந்து நாங்கள் போனபோது அங்கே ஒரு பள்ளமும் சக்கரத் தடங்களும் இருந்தன. அத்தை மண்டியிட்டு, முன்பு ஊற்று இருந்த இடத்தை உத்தேசமாகக் கண்டுபிடித்து, கையால் தோண்டினார். தோள்வரை கை உள்ளே போயிற்று. மணல் காய்ந்தே வந்தது. என்னிடம் எதுவும் கேட்கவில்லை. திரும்பும் வழி முழுக்க வண்டியின் ஜன்னல் பக்கம் முகத்தை வைத்திருந்தார்.

நான் சொல்லியிருக்கவேண்டிய நாள் அது. அன்றும் சொல்லவில்லை.

பிறகு அவருக்குச் சிறுநீரகம் கெட்டது. வாரம் மூன்று நாள் இயந்திரத்தோடு இருக்கவேண்டும். அந்த இயந்திரம் நகரத்தில்தான் உண்டு. ஊரிலிருந்து நாலு மணிநேரப் பாதை. நகரத்து விடுதியில் ஒரு அறை கொடுத்தார்கள். ஜன்னலுக்கு வெளியே கார்கள் நிற்கும் சிமெண்ட் தரை. "மணலே இல்லாத ஊர்ல எப்படிக் கதை சொல்றது?" என்று சிரிப்பார்.

அந்த அறைக்கு ஒருநாள் ஹாலம் வந்தார். தாடி நரைத்திருந்தது. ஊற்று போன செய்தி அவருக்குத் தாமதமாகத்தான் தெரிந்திருக்கிறது. வரும் வழியில் ஆர்ச்சியைப் பார்த்து, கிழக்கே இன்னும் மூன்று இடங்கள் உண்டு என்று கேட்டறிந்திருக்கிறார். கதவுக்கு வெளியே சுவரோரமாக நின்றார். கையில் ஒரு பையில் கங்காரு வால். உள்ளே அத்தை போர்வையைத் தலைவரை இழுத்து மூடிக்கொண்டார். நான் வாசற்படியில், இரண்டு பேருக்கும் நடுவில்.

"பாட்டி, புத்தகம் மறுபடி அச்சாகப் போகுது" என்றார். "தப்பைத் திருத்தணும். என் நோட்டு எல்லாத்தையும் புரட்டிட்டேன். அந்த மூணு இடமும் எங்கேயுமே இல்ல. நான் சரியா எழுதாம விட்டேனா? என்ன நடந்துதுன்னு அவங்ககிட்ட கேட்டுச் சொல்லு." குற்றத்தைத் தன் மேல் போட்டுக்கொள்ளத் தயாராக வந்திருந்தார்.

நான் கட்டிலுக்குப் போனேன். ஆனால் அவர் கேள்வியைக் கொண்டுபோகவில்லை. "அத்தை, அன்னைக்கு நான் பொய் சொன்னேன். பதினொண்ணுதான் போட்டிருந்தார். நான் மிச்சத்தைச் சொல்லல" என்றேன்.



"தெரியும். லாரி ஹாரன் அடிச்சுது" என்றார் அத்தை, போர்வைக்குள்ளிருந்து. "நீ போயிட்டு வந்த நேரத்துல மூணு இடத்தை யாராலயும் சொல்லியிருக்க முடியாது. அப்பவே உன்னைத் திருப்பி அனுப்பியிருக்கணும். விளையாடப் போற புள்ளையை எதுக்கு நிறுத்தணும்னு விட்டுட்டேன். நாளைக்குச் சொல்லிக்கலாம்னு நெனச்சேன். மறுநாள் அவன் கிளம்பிட்டான்."

"இப்ப அவர்கிட்ட உண்மையைச் சொல்லிடறேன், அத்தை."

போர்வைக்கு அடியிலிருந்து கை வந்து என் மணிக்கட்டைப் பிடித்தது. ஊசி குத்திக் குத்தித் தடித்துப்போன கை.

"வேண்டாம். பாறையும் போச்சு, தண்ணியும் போச்சு, இனி அந்த மூணை எழுதி என்ன? உண்மையைச் சொன்னா அவன் அதை உன் பேரோட புத்தகத்துல போடுவான். நீ பள்ளிக்கூடத்துல டீச்சரா நிக்கப் போறவ. தினம் புள்ளைங்க உன் பேரைச் சொல்லிக் கூப்பிடணும். நான் போயிட்டா என் பேரை எப்படியும் யாரும் சொல்லப்போறதில்ல. கிழவிக்கு மறந்துபோச்சுன்னு சொல்லிடு, நங்கலா. இதை மட்டும் நான் சொன்ன மாதிரியே சொல்லு."