நான் சரியாகப் பூட்டிய தெர்மோஸ்டாட்

இது நடந்தது மூன்று வருஷத்துக்கு முன்னர், ரமழான் நோன்பு வருவதற்குக் கொஞ்சம் முந்தி. இடம், கல்முனையில் என் மனைவியின் வீட்டு வாசல். எங்கள் பக்கத்தில் கல்யாணம் முடித்தால் ஆண்தான் பெண் வீட்டுக்குப் போவான். வீடு அவளுடையது. வாசலில் நின்ற பழைய கார் மட்டும் என்னுடையது. கட்டாரில் லொறி ஓட்டிச் சேர்த்து வாங்கியது.

என்னைப் பெற்ற உம்மா அட்டாளைச்சேனையில் என் தங்கச்சியோடு இருக்கிறார். இரண்டு கண்ணிலும் வெள்ளை படர்ந்து, முகம் தெரியாத அளவுக்கு வந்துவிட்டது. மட்டக்களப்பில் ஒப்பரேஷனுக்கு நாள் கொடுத்திருந்தார்கள். பல மாதம் காத்திருந்து கிடைத்த நாள். முழங்கால் மடியாது, பஸ்ஸில் ஏற மாட்டார். நான் காரில் கூட்டிப்போவதாகப் பேச்சு. உம்மா ஒவ்வொரு நோன்பிலும் குர்ஆனைப் பார்த்து ஓதி முடிப்பவர். போன நோன்பில் பாதியோடு நின்றுவிட்டது. வருகிற நோன்பிலாவது முடிக்க வேண்டும் என்பதுதான் அவருடைய ஒரே எண்ணம்.

கார் அந்த நாட்களில் சூடேறிக்கொண்டிருந்தது. தெர்மோஸ்டாட் பழுது என்று எனக்குத் தெரிந்தது. அது என்ஜினுக்குள் இருக்கிற ஒரு சின்ன மூடி. என்ஜின் சூடானதும் தானாகத் திறந்து தண்ணீரை ரேடியேட்டருக்கு விட வேண்டும். இந்த வெயிலுக்கு அது எதற்கு, கழற்றி வீசு என்பார்கள் சிலர். நான் வீசவில்லை. புதிது வாங்கினேன். உம்மாவைக் கூட்டிப்போகிற நாளுக்கு முதல் நாள் காலை வேலையில் இறங்கினேன்.

பழையதைக் கழற்றி, புதியதையும் சேர்த்து, அடுப்பில் ஒரு சட்டித் தண்ணீரில் போட்டேன். என்ஜினில் பொருத்திப் பூட்ட முதல் கொதிக்க வைத்துப் பார்ப்பது என் வழக்கம். மாமி வந்தார்.

“என்ன மருமகன், இரும்ப அவிச்சி சோத்துக்கு ஆணம் வைக்கப் போறீங்களா?”

“திறக்குதா எண்டு பாக்கிறன் மாமி.”

“என்ட மீன் சட்டிதான் கிடைச்சிச்சா உங்களுக்கு?”

பழையது மூடியபடியே கிடந்தது. புதியது மெல்லத் திறந்தது. மாமி எட்டிப் பார்த்தார்.

“யா அல்லாஹ், அவிச்ச மட்டி வாயத் தொறக்கிற மாதிரியெல்லோ தொறக்கிது” என்று சிரித்தார். சட்டியை மட்டும் மூன்று தரம் கழுவினார்.

புதியதைச் சரியாகப் பூட்டினேன். அதில் இருக்கிற சிறு துளை மேல் பக்கம் வர வைத்தேன். காற்று அதன் வழியாகத்தான் வெளியேறும். கசியாமல் இருக்கப் புது வாசர் போட்டு இறுக்கினேன். என்ஜினைக் குளிர வைக்கிற கூலன்ட் ஊற்றினால் பாதியிலேயே போத்தல் முடிந்துவிட்டது. ரேடியேட்டர் நிறையவில்லை. உள்ளே காற்று நின்றது. அந்த நிலையில் ஓட்டக்கூடாது.

“வேல முடியல்ல. காரை ஆரும் எடுக்கப்படாது” என்று மனைவியிடம் சொல்லிவிட்டு, இன்னொரு போத்தல் வாங்கக் கடைக்குப் போனேன். திரும்பி வர வாசலில் கார் இல்லை.

“என்ட தம்பி எடுத்துட்டுப் போயிட்டான்” என்றாள் மனைவி. “சொன்னன், கேக்கல்ல. கூட்டாளிமாரோட சாகாமக் குளத்துக்குக் குளிக்கப் போறானாம். சும்மா நிக்கிற கார்தானே எண்டு திறப்ப எடுத்து ஸ்டார்ட் பண்ணிட்டான்.”

போன் அடித்தேன். எடுக்கவில்லை. மறுபடியும் அடித்தேன். குளத்துக்குள் நின்றிருப்பான்.

பொழுது சாய்ந்து மஃரிபுக்குக் காரை ஒரு டிராக்டரில் கயிறு கட்டி இழுத்து வந்தார்கள். மச்சான் ஈரத் தலையோடு இறங்கினான்.

“என்னத்த மச்சான் பூட்டி வெச்சீங்க? சூட்டு முள்ளு செவப்புக்குப் போயிட்டு.”

“செவப்புக்குப் போன நேரம் நிப்பாட்டினயா?”

“குளம் கிட்டத்தானே எண்டு உட்டன். மறுகா குளிச்சிட்டு வாற வழியிலயும் சூடு. வாய்க்கால் தண்ணிய அள்ளி ஊத்தினன். டக்கெண்டு ஒரு சத்தம். அதோட நிண்டிட்டு.”

கொதிக்கிற என்ஜினில் பச்சைத் தண்ணீர். என்ஜினின் மேல் பாகமான ஹெட் வெடித்திருந்தது. மாமி இடையில் வந்தார்.

“பொடியன ஏசாதீங்க மருமகன். ஆளுக்கு ஒண்டும் ஆகல்லதானே, அல்ஹம்துலில்லாஹ்.”

நான் இன்னும் ஏசத் தொடங்கவே இல்லை.

தெரிந்த வேன்காரர் எயார்போட்டுக்கு ஆட்களை ஏற்றி ஹயர் போயிருந்தார். கேட்ட இடமெல்லாம் இல்லை என்றார்கள். விடிய ஒரு ஆட்டோதான் கிடைத்தது. நானும் மனைவியும் போய் உம்மாவை ஏற்றினோம். முழங்கால் நோகிறது என்று உம்மா சொல்லச் சொல்ல, நிறுத்தி நிறுத்திப் போனோம். போய்ச் சேர்ந்தபோது அன்றைக்குரிய ஆட்களை உள்ளே எடுத்து முடித்துவிட்டார்கள். அவர்கள் மேல் பிழை இல்லை. சொன்ன நேரத்துக்கு நாங்கள் போகவில்லை. வேறு நாள் தந்தார்கள். அது நோன்பும் பெருநாளும் கழிந்து வருகிற நாள்.

திரும்பி வரும்போது உம்மா கேட்டார். மகனே என்பதை மனெ என்றுதான் சொல்வார்.

“காருக்கு என்ன மனெ நடந்த?”

மனைவி என் பக்கத்தில் இருந்தாள். முகத்தை வெளியே திருப்பிக்கொண்டாள். உண்மையைச் சொன்னால் உம்மா அதன் பிறகு மனைவி வீட்டுப் படி மிதிக்க மாட்டார். நான் அந்த வீட்டில்தான் இருந்தாக வேண்டும்.

“நான் பூட்டினது பிழைச்சிட்டு உம்மா” என்றேன்.

“தெரியாத வேலைக்கி ஏன் மனெ போனாய்?”

அந்த நோன்பில் உம்மா குர்ஆனை விரித்து வைத்துக்கொண்டு இருப்பார். தங்கச்சி மகள் பக்கத்தில் இருந்து ஓதுவாள். அவள் பக்கம் புரட்டிய பிறகும் உம்மாவின் விரல் முன்னர் இருந்த இடத்திலேயே நிற்கும். நான் அங்கே போகிற நாட்களில் அதைப் பார்க்க விரும்பாமல் பள்ளிவாசலுக்குப் போய்விடுவேன்.

பெருநாளன்று எல்லோரும் உம்மாவிடம் போனோம். மச்சானும் வந்தான். உம்மா எல்லோருக்கும் முன்னால் அந்தக் கதையை எடுத்தார். மகனுக்கு லொறி ஓட்டத்தான் தெரியும், திருத்தத் தெரியாது என்றார். மச்சான் வட்டிலப்பத்தை வாயில் வைத்துக்கொண்டு உம்மாவிடம் சொன்னான்.

“ஓம் மாமி. அண்டைக்கி கராஜுக்குக் குடுத்திருந்தா ஒரு கரச்சலும் இல்ல.”

மனைவி கோப்பைகளை எடுத்துக்கொண்டு குசினிக்குள் போனாள். நான் இன்னொரு துண்டு வட்டிலப்பம் எடுத்துத் தின்றேன்.

காரைக் கிடந்தபடியே விற்றேன். வாங்கியவர் என்ஜினைப் பிரித்துப் பார்த்துவிட்டுப் போன் பண்ணினார். “தெர்மோஸ்டாட் புதிசு போல, நல்லாப் பூட்டியிருக்கு” என்றார். அதைச் சொன்னவர் அவர் ஒருவர்தான்.

உம்மாவுக்குப் பிறகு ஒப்பரேஷன் நடந்தது. இப்போது நன்றாகத் தெரிகிறது. குர்ஆன் ஓதுகிறார், பேப்பரும் ஒரு எழுத்து விடாமல் வாசிக்கிறார். வீட்டுக்குப் போனால் இன்றைக்கும் அந்தத் தெர்மோஸ்டாட் கதையை எடுப்பார். நான் ஓம் உம்மா என்பேன். இதில் நான் யாருடைய பேரும் போடவில்லை. இது பேப்பரில் வந்து உம்மா வாசித்தாலும் வாசிக்கட்டும். ஒரு வேலையைச் சரியாகச் செய்துவிட்டு, பிழையாகச் செய்தேன் என்று சொல்லிக்கொண்டு இருப்பது பெரிய பாரம். இனியும் அதை என்னால் தனியே சுமக்க ஏலாது.